‘சி-யை மட்டும் ஃபார்மேட் போடுங்க’ என்று சொல்வதற்கு முன்

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் போன வாரம் தன் பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து என் கடையில் இறக்கினார். வேறொரு கடையில் ஏற்கெனவே ஃபார்மேட் போட்டு, அதாவது இருந்ததையெல்லாம் அழித்துத் துடைத்துவிட்டு, புது விண்டோஸ் ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் எதற்காகப் போட்டார்களோ அந்தக் கோளாறு அப்படியே இருக்கிறது. காலையில் ஆன் செய்தால் ஜிமெயில் திறக்காது, கூகுளின் வலைப்பூத் தளமான பிளாக்கர் திறக்காது, எந்தத் தளத்துக்குப் போனாலும் ‘உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று எச்சரிக்கை வரும். ‘வைரஸ் சார், ஃபார்மேட் போட்டால்தான் போகும்’ என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள்.

திரையின் வலது கீழ் மூலையைப் பார்த்தேன். தேதி 2012 ஜனவரி 1 என்று இருந்தது. கோளாறு அவ்வளவுதான். மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 என்கிற பட்டன் பேட்டரி செத்துப்போயிருந்தது. மின்சாரத்தை அணைத்ததும் கம்ப்யூட்டர் தேதியை மறந்துவிடுகிறது. தேதி தவறாக இருந்தால் எந்தத் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழும் செல்லாததாகத் தெரியும். பேட்டரி ஐம்பது ரூபாய் பக்கம்தான் ஆகும், மாற்ற ஐந்து நிமிடம் போதும். இதற்குப்போய் ஃபார்மேட்.

பேட்டரியை மாற்றிக் கொடுத்த பிறகும் அவர் கிளம்பவில்லை. “தம்பி, நான் எழுதி வைத்திருந்ததெல்லாம் காணோம்” என்றார். வட்டார வழக்குச் சொற்களைப் பல வருடங்களாகச் சேகரித்துத் தன் வலைப்பூவில் எழுதி வருகிறவர். வெளியிட்டவை இணையத்தில் பத்திரமாக இருக்கின்றன. வெளியிடாமல் வைத்திருந்த குறிப்புகளும் பாதி எழுதிய கட்டுரைகளும் போய்விட்டன. சிலவற்றை டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டரில் வைத்திருந்தார். மற்றவை வலைப்பூ எழுதுவதற்கான விண்டோஸ் லைவ் ரைட்டரில் இருந்தன. அந்த மென்பொருள் தன் வரைவுகளை டாக்குமென்ட்ஸுக்குள் ‘மை வெப்லாக் போஸ்ட்ஸ்’ என்ற ஃபோல்டரில்தான் சேமிக்கும். இரண்டு இடமும் சி டிரைவ், அதாவது விண்டோஸ் இருக்கும் பகுதி. “டி டிரைவைத் தொடாதீர்கள், சி-யை மட்டும் போடுங்கள் என்று சொல்லித்தானே கொடுத்தேன்” என்கிறார். அவர் சொன்னபடியேதான் அந்தக் கடைக்காரரும் செய்திருக்கிறார்.

இதே வாசகத்தை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன். கல்லூரி புராஜெக்ட் வைத்திருந்த பெண், திருமணப் படங்கள் வைத்திருந்தவர், கடைக்கணக்கு வைத்திருந்த வியாபாரி என்று எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள். இனி வருகிறவரிடமெல்லாம் தனித்தனியாக விளக்குவதற்குப் பதில் எழுதியே வைத்துவிடுகிறேன்.

டெஸ்க்டாப் என்பது சி டிரைவ்தான். இதைப் பலர் நம்புவதே இல்லை. ஆன் செய்ததும் முதலில் தெரிவதால் அது ஏதோ தனி இடம், எந்த டிரைவிலும் சேராதது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்த நிமிடமே உங்கள் கம்ப்யூட்டரில் பாருங்கள். சி டிரைவைத் திறந்து ‘யூசர்ஸ்’ என்ற ஃபோல்டருக்குள் போங்கள். அதற்குள் உங்கள் பெயரிலோ, கடைக்காரர் வைத்த ஏதோ ஒரு பெயரிலோ ஒரு ஃபோல்டர் இருக்கும். அதைத் திறந்தால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் எல்லாம் வரிசையாக இருக்கும். அந்த டெஸ்க்டாப் ஃபோல்டரைத் திறந்தால், நீங்கள் தினமும் முகப்பில் பார்க்கும் அதே கோப்புகள். இன்னும் நம்பிக்கை வராவிட்டால் அங்கே ஒரு கோப்பை உருவாக்கிப் பாருங்கள், அடுத்த நொடி முகப்பில் தெரியும். சி-யை ஃபார்மேட் போட்டால் இத்தனையும் போகும். ‘மை டாக்குமென்ட்ஸ்’ என்ற பெயரில் இருக்கிறதே, அதை எப்படி அழிப்பார்கள் என்று ஒருவர் என்னிடம் கேட்டார். ஃபார்மேட் பெயரைப் பார்த்து அழிப்பதில்லை.

மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்-டிரைவில் இணைந்திருக்கும் கம்ப்யூட்டரில் டெஸ்க்டாப் அதே யூசர்ஸுக்குள் ஒன்-டிரைவ் ஃபோல்டரின் கீழ் இருக்கும். அதுவும் சி-தான். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தருவது 5 ஜிபி. அது நிரம்பிய பிறகு புதிதாகச் சேர்ப்பது எதுவும் மேலே போகாது. ஓரத்தில் வரும் அறிவிப்பை மூடிவிட்டு, ‘எல்லாம் கிளவுடில் இருக்கிறது’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய.

கண்ணுக்குத் தெரியாத இடம் ஒன்றும் இருக்கிறது. அதே யூசர் ஃபோல்டருக்குள் ‘ஆப்-டேட்டா’ என்று ஒன்று ஒளிந்திருக்கும். ஸ்டிக்கி நோட்ஸில் ஒட்டி வைத்த மஞ்சள் சீட்டுகள், நோட்பேடில் சேமிக்காமலே திறந்து வைத்திருக்கும் பக்கங்கள், பிரவுசரில் சேர்த்த புக்மார்க்குகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. டாக்குமென்ட்ஸை மட்டும் காப்பி எடுத்துவிட்டு ‘எல்லாம் எடுத்தாச்சு’ என்று சொல்பவர்கள் இதைக் கோட்டைவிடுகிறார்கள். நோட்பேடில் சேமிக்காமல் எழுதும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். மூடித் திறந்தாலும் எழுதியது இருக்கிறதே என்ற தைரியம் ஒரு ஃபார்மேட் வரைக்கும்தான்.

அப்புறம் டி டிரைவ். சியும் டியும் பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் ஒரே ஹார்டு டிஸ்க்கைப் பிரித்து வைத்ததுதான். ஒரே வீட்டில் இரண்டு அறை மாதிரி. வீடு இடிந்தால் எந்த அறையில் வைத்திருந்தாலும் ஒன்றுதான். டியில் இன்னொரு காப்பி போட்டுவிட்டு அதை பேக்கப் என்று சொல்லாதீர்கள். பேக்கப் என்றால் கம்ப்யூட்டரை விட்டுத் தனியே கழற்றி எடுத்து வைக்கக்கூடிய வேறொரு டிஸ்க் அல்லது பென்டிரைவ், அதோடு இணையத்தில் இன்னொரு காப்பி.

சரி, ஃபார்மேட் எப்போதுமே தேவையில்லையா என்றால், தேவைப்படும் நேரமும் உண்டு. ஆனால் கடைக்கு ஃபார்மேட்டுக்காக வரும் மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்கு அது தேவையே இல்லை. அடிக்கடி வரும் தொல்லைகளைச் சொல்கிறேன்.

‘தினமும் ஷட் டவுன் பண்ணித்தான் போடுறேன், ஆனாலும் ஸ்லோ, பிரின்டர் வரமாட்டேங்குது, நெட் கனெக்ட் ஆகமாட்டேங்குது.’ விண்டோஸ் 8 காலத்திலிருந்து ஷட் டவுன் செய்தாலும் சிஸ்டம் முழுதாக அணைவதில்லை. சீக்கிரம் திறக்க வேண்டும் என்பதற்காகத் தன் உள்நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. நேற்றைய சிக்கலும் கூடவே எழுந்து வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முதலிலிருந்து ஆரம்பிக்கும். கடைக்கு வண்டி ஏற்றும் முன் ஒரே ஒரு முறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். அதிலேயே சரியாகிற கோளாறுகள் ஏராளம்.

அடுத்தது, வலது மூலையில் நொடிக்கொரு முறை ‘உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்’ என்று எட்டிப்பார்க்கும் அறிவிப்புகள். அது பெரும்பாலும் வைரஸ் இல்லை. எங்கேயோ படம் பார்க்கப் போன தளத்தில் ‘அலவ்’ என்ற பட்டனை அமுக்கியிருக்கிறீர்கள். குரோமின் செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ், அதில் நோட்டிஃபிகேஷன்ஸ் போய், அனுமதித்த தளங்களில் தெரியாத பெயர்களையெல்லாம் நீக்குங்கள். நின்றுவிடும். திரை முழுக்க எச்சரிக்கை வந்து, மைக்ரோசாஃப்ட் என்று சொல்லி ஒரு போன் நம்பர் இருந்தால் அழைக்கவே அழைக்காதீர்கள். விண்டோஸின் உண்மையான எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருக்காது. அழைத்தால் தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க் போன்ற ஒன்றை ஏற்றச் சொல்லி, உங்கள் திரையை அவர்கள் கையில் எடுத்துக்கொள்வார்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு.

மெதுவாக ஓடுகிறது என்பவர்களுக்கு: கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். டிஸ்க் என்ற பத்தி எப்போது பார்த்தாலும் 100 சதவீதம் என்று நின்றால், பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் திணறுகிறது என்று அர்த்தம். அதற்குப் பதில் எஸ்எஸ்டி என்கிற, சுழலாத வேகமான டிஸ்க்கை மாட்டுங்கள். ஃபார்மேட் போட்டால் ஒரு மாதம் வேகமாக இருந்துவிட்டுப் பழையபடி ஆகிவிடும். ஸ்டார்ட்-அப் பகுதியில் தேவையில்லாததை அணைத்து வையுங்கள். இரண்டு ஆன்ட்டிவைரஸ் வைத்தால் இரண்டு மடங்கு பாதுகாப்பு இல்லை, இரண்டு மடங்கு பாரம். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே வீட்டு உபயோகத்துக்குப் போதும்.

‘கிளீனர்’ மென்பொருள்களை ஏற்றாதீர்கள். விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதால் வேகம் கூடாது. 2017-ல் உலகமெங்கும் பேர்பெற்ற சிகிளீனரின் பதிப்பு ஒன்றுக்குள்ளேயே விஷமிகள் கைவைத்து, 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. நல்ல பெயர் வாங்கியதற்கே அந்த நிலைமை என்றால், விளம்பரத்தைத் தட்டி இறக்கியதைப் பற்றி என்ன சொல்ல.

ஜெராக்ஸ் கடையில் செருகிவிட்டு வந்த பென்டிரைவில் எல்லாக் கோப்புகளும் ஷார்ட்கட்டாக மாறிவிட்டதா? அந்த ஷார்ட்கட்டைத் தட்டாதீர்கள், பென்டிரைவை ஃபார்மேட்டும் போடாதீர்கள். உங்கள் கோப்புகள் உள்ளேதான் ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த கோப்புகளையும் சிஸ்டம் கோப்புகளையும் காட்டச் சொன்னால் தெரியும். அவற்றைக் காப்பி எடுத்த பிறகு பென்டிரைவைத் துடைத்துக்கொள்ளலாம்.

ஆன் செய்தால் ஃபேன் ஓடுகிறது, திரையில் எதுவும் வரவில்லை என்றால் பெரும்பாலும் ரேம் என்கிற நினைவகப் பலகைதான் காரணம். கழற்றி, அதன் கால்களை அழிப்பானால் தேய்த்து மறுபடி செருகினாலே பல மெஷின்கள் எழுந்துவிடும். அதற்கு டிஸ்க்கில் கைவைக்க வேண்டிய அவசியமே இல்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் வரும் தொல்லை இன்னொன்று. ஃபார்மேட்டுக்குப் பிறகு பழைய வேர்டு கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டிக் கிடக்கும். ‘ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு’ என்று அழித்துவிடுகிறார்கள். அழிக்காதீர்கள்! அது பாமினி, வானவில் போன்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு சிஸ்டத்தில் இல்லை, அவ்வளவுதான். எழுத்துருவை ஏற்றினால் தமிழ் திரும்பிவிடும். முடிந்தால் கையோடு ஒரு எழுத்துரு மாற்றியில் போட்டு, எந்தக் கம்ப்யூட்டரிலும் தெரியும் பொதுக் குறியீடான யூனிகோடாக்கி வைத்துவிடுங்கள். தமிழ்நாடு அரசே 2010-ல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது, இன்னும் எதற்குப் பழைய எழுத்துருவில் புதிய கட்டுரை? தட்டச்சுக்கு என்று எங்கிருந்தோ மென்பொருள் இறக்குவதையும் நிறுத்துங்கள். கூகுள் இன்புட் டூல்ஸின் விண்டோஸ் பதிப்பைக் கூகுள் கைவிட்டு வருடங்கள் ஆகின்றன. இப்போது அதே பெயரில் வேறு தளங்களில் கிடைப்பதில் என்ன கலந்திருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இன்றைய விண்டோஸிலேயே தமிழ் 99 விசைப்பலகையும் ஒலிப்பு முறை விசைப்பலகையும் இருக்கின்றன. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும்.

ஆசிரியர் அடுத்துக் கேட்டது, “அந்த லைவ் ரைட்டரையாவது மறுபடி போட்டுக் கொடுங்கள் தம்பி.” வலைப்பூ எழுதியவர்களுக்கு அந்த மென்பொருள் மேல் ஏன் அவ்வளவு பிரியம் என்று எனக்குப் புரிகிறது. நெட் இல்லாமல் எழுதலாம், வெளியிட்டால் எப்படித் தெரியுமோ அப்படியே எழுதும்போதே தெரியும், படத்தை இழுத்துப் போடலாம். ஆனால் மைக்ரோசாஃப்ட் அதற்குக் கடைசியாகப் புதிய பதிப்பு கொடுத்தது 2012-ல். 2017 ஜனவரியில் இறக்கிக்கொள்ளும் வசதியையும் எடுத்துவிட்டது. கூகுள் தன் உள்நுழைவு முறையை மாற்றியபோதே பிளாக்கருக்கு அதிலிருந்து நேரடியாக அனுப்புவதும் நின்றுவிட்டது. ஆசிரியர் அதில் எழுதி, நகலெடுத்துப் பிளாக்கரில் ஒட்டிக்கொண்டிருந்தார். இன்று வேறு தளங்களில் கிடைக்கும் அதன் இன்ஸ்டாலர்களை நம்பாதீர்கள்.

அதன் மூலநிரலை 2015 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் பொதுவில் வைத்தது. அதிலிருந்து வந்தது ஓப்பன் லைவ் ரைட்டர். இலவசம், முகமும் பழையதுபோலவே இருக்கும். பிளாக்கர் போன்ற இன்னொரு வலைப்பூச் சேவையான வேர்டுபிரஸ் வைத்திருப்பவர்கள் முயன்று பார்க்கலாம். ஆனால் பல வருடங்களாக அதில் பெரிய வளர்ச்சி இல்லை. பிளாக்கரில் படம் ஏற்றுவதும் 2019-ல் கூகுள் தன் பழைய படச் சேவையான பிகாசாவின் வழியை மூடியபோது அடிபட்டது. புதிதாக ஆரம்பிப்பவருக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

என் யோசனை எளிது. எழுதும் இடத்தையும் வெளியிடும் இடத்தையும் பிரித்துவிடுங்கள். வேர்டு போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் எழுதுங்கள், கட்டுரைக்கு ஒரு கோப்பு, தேதியோடு பெயர். வெளியிடும்போது நகலெடுத்து, கண்ட்ரோல், ஷிஃப்ட், வி அழுத்தி ஒட்டுங்கள். வெறும் எழுத்து மட்டும் போகும். சாதாரணமாக ஒட்டினால் வேர்டின் எழுத்துரு, அளவு, இடைவெளி எல்லாக் குப்பையும் பிளாக்கருக்குள் போய்விடும். உங்கள் கட்டுரை மொபைலில் கோணலாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆசிரியருக்கும் இதைத்தான் செய்து கொடுத்தேன். கட்டுரை ஃபோல்டரைக் கூகுள் டிரைவோடு இணைத்தேன், 15 ஜிபி வரை இலவசம், வெறும் எழுத்துக்கு அது ஆயுசுக்கும் போதும். ஆனால் ஒன்று: இணைத்த ஃபோல்டரில் ஒரு கோப்பை அழித்தால் அங்கேயும் அழியும். அதனால் மாதம் ஒரு முறை பென்டிரைவிலும் ஒரு காப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

பிளாக்கரை விட்டு வெளியேற நினைப்பவர்கள் வேர்டுபிரஸுக்குப் போகலாம். பிளாக்கரின் பேக்கப் கோப்பை வாங்கிக்கொள்ளும் வசதி அதில் உண்டு. கொஞ்சம் கணினிப் பழக்கம் உள்ளவர்கள் பப்ளி என்ற இலவச மென்பொருளைப் பாருங்கள். லைவ் ரைட்டர்போலவே உங்கள் கம்ப்யூட்டரில் நெட் இல்லாமல் எழுதலாம். முழுத் தளத்தையும் அதுவே உருவாக்கி, கிட்ஹப் பேஜஸ் போன்ற இலவச இடத்தில் ஏற்றிவிடும். ஆனால் அதன் கோப்புகளும் உங்கள் டாக்குமென்ட்ஸில்தான் இருக்கும். மேலே சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

எந்தக் கருவியை எடுத்தாலும் வெளியிட்டதற்கும் ஒரு காப்பி உங்கள் கையில் இருக்கட்டும். இலவசமாக இணையத்தளம் வைக்க இடம் தந்த யாஹூவின் ஜியோசிட்டீஸ் 2009-ல் மூடப்பட்டது. போஸ்டரஸ் என்ற வலைப்பூச் சேவை 2013-ல் போனது. 2003-லிருந்து ஓடிய டைப்பேட் என்ற இன்னொரு வலைப்பூச் சேவை 2025 செப்டம்பரோடு நின்றுவிட்டது. பிளாக்கரின் செட்டிங்ஸில் ‘பேக்-அப் கன்டென்ட்’ இருக்கிறது. அதில் முக்கியமாக வருவது கட்டுரைகளும் பின்னூட்டங்களும். படங்களும் முழுதாக வந்துவிடும் என்று அதை நம்பியிருக்காதீர்கள். படங்களைத் தனியே சேமித்து வையுங்கள்.

கூகுள் கணக்கின் மீட்பு போன் நம்பரையும் இன்றைக்கே பாருங்கள். சிம்மை மாற்றிவிட்டு, பாஸ்வேர்டையும் மறந்துவிட்டு, பத்து வருட வலைப்பூவின் வாசலில் நிற்பவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. இரண்டு வருடம் தொடாத கணக்கைக் கூகுள் நீக்கிவிடலாம் என்பது 2023-லிருந்து விதி. வயதான எழுத்தாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கூகுள் கணக்கில் ‘இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்’ என்ற வசதி இருக்கிறது. உங்களால் பார்த்துக்கொள்ள முடியாமல் போனால் யாரிடம் போக வேண்டும் என்று மகளோ மாணவரோ ஒருவர் பெயரை அதில் கொடுத்து வையுங்கள். நீங்கள் எழுதி வைத்திருப்பது வேறு எங்கும் கிடைக்காது.

ஏற்கெனவே அழிந்துவிட்டதென்றால், அந்தக் கம்ப்யூட்டரை அந்த நிமிடமே அணையுங்கள். தேடிப் பார்க்கிறேன் என்று அதிலேயே மீட்பு மென்பொருளை இறக்காதீர்கள். புதிதாக எழுதும் ஒவ்வொன்றும் பழையதன் மேல் உட்காரும். சுழலும் ஹார்டு டிஸ்க்கில் ஓரளவு மீட்கலாம். எஸ்எஸ்டியில் வாய்ப்பு மிகக் குறைவு, அழித்த இடத்தை அதுவே காலி செய்துவிடும். ஃபார்மேட் போடாமல் விண்டோஸை மட்டும் மேலே ஏற்றியிருந்தால் சி டிரைவில் ‘விண்டோஸ் ஓல்டு’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். பழைய கோப்புகள் அதில் இருக்கும், ஆனால் 10 நாளில் சிஸ்டமே அதை நீக்கிவிடும். ஆசிரியரின் டிஸ்க்கில் கட்டுரைகள் சில துண்டு துண்டாகக் கிடைத்தன. ஃபார்மேட்டுக்குப் பிறகு அதில் சில வாரம் வேலை பார்த்திருந்ததால் மீதி கிடைக்கவில்லை.

கடையில் மெஷினைக் கொடுக்கும்போது ‘ஃபார்மேட் போடுங்க’ என்று நீங்களாக மருந்து சொல்லாதீர்கள். என்ன கோளாறு, எப்போதிலிருந்து, அதற்கு முன் என்ன ஏற்றினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். உங்களுக்கு முக்கியமான கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். விண்டோஸ் 11 வைத்த புது லேப்டாப் என்றால் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். அதைத் திறக்கும் 48 இலக்க மீட்பு எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், கடைக்கு வரும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. வாடிக்கையாளர் ‘ஒன்றுமில்லை, போடுங்க’ என்றே சொன்னாலும் யூசர்ஸ் ஃபோல்டரை முழுதாக ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டுப் போடுங்கள். அவர் வீட்டுக்குப் போய், எல்லாம் இருக்கிறது என்று போன் செய்த பிறகு அழித்துக்கொள்ளலாம். அதற்குக் கூடுதல் கட்டணம் என்றால் முன்கூட்டியே சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை.